பேருயிர்கள் ஏன் அழிந்தன? தொல் டி.என்.ஏ. கொண்டு ஆராய்வதற்கான முழுமையான வழிகாட்டி

ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 10,000 ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான காலப்பகுதியில், 44 கிலோவுக்கு மேல் எடை கொண்ட விலங்குகளின் 150 பேரினங்களில் 97 மறைந்துவிட்டன. அந்த அழிவுக்குப் பனியுகத்தின் இறுதியில் புரண்ட தட்பவெப்பம் காரணமா, புதிய நிலங்களில் கால் வைத்த வேட்டை மனிதன் காரணமா, இரண்டும் சேர்ந்தனவா என்ற வாதம், 1960களில் பால் மார்ட்டின் வேட்டைக் கோட்பாட்டை அழுத்தமாக முன்வைத்த நாளிலிருந்து ஓயவில்லை. எலும்புகளை எண்ணியும் காலம் கணித்தும் நடந்துவந்த அந்த வாதத்துக்குள், நெடுங்காலத்துக்கு முன் இறந்த உயிர்களின் எச்சங்களில் எஞ்சியிருக்கும் தொல் டி.என்.ஏ. ஒரு புதிய வகைச் சான்றைக் கொண்டுவந்தது. அந்தச் சான்றை எப்படிப் பெறுவது, எந்த அளவுக்கு நம்புவது, அதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதைப் படிப்படியாக இங்கே விளக்குகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒரு விலங்கின் டி.என்.ஏ., அந்த இனத்தைக் கொன்றது யார் என்று சொல்வதில்லை. இனப்பெருக்கம் செய்த விலங்குகளின் தொகை எப்போது பெருகியது, எப்போது சுருங்கியது, ஒரு பகுதியில் வாழ்ந்த கூட்டம் அழிந்து வேறொரு கூட்டம் அங்கே குடியேறியதா, உட்கலப்பு (நெருங்கிய உறவுகளுக்குள் நடக்கும் இனப்பெருக்கம்) எந்த அளவுக்கு இருந்தது ஆகியவற்றையே அது சொல்லும். இவற்றைத் தட்பவெப்பப் பதிவுகளோடும் மனித வருகையின் காலத்தோடும் பொருத்திப் பார்க்கும்போதுதான் காரணம் பற்றிய பேச்சே எழுகிறது. ஆகவே இந்தத் துறையின் பெரும்பாடு காலக்கணிப்பில்தான் இருக்கிறது. ஆய்வகத்தின் பளபளப்பான கருவிகள் அதற்கு அடுத்துத்தான்.

முதல் படி: சோதிக்கக்கூடிய கேள்வியை வகுத்தல்

"பனியுக யானையான மாமூத் ஏன் அழிந்தது?" என்பது ஆய்வகத்துக்குள் எடுத்துச்செல்லக்கூடிய கேள்வி அல்ல. ஒன்றுக்கொன்று எதிரான விளக்கங்கள் தரவில் வெவ்வேறு தடயங்களை விட்டுச்செல்லும் வகையில் கேள்வியை உடைக்க வேண்டும். தட்பவெப்பமே காரணம் என்றால், மனிதர் இல்லாத இடங்களிலும் தொகை குறைந்திருக்க வேண்டும். அந்தச் சரிவு வெப்பநிலையோ தாவரப் பரப்போ மாறிய காலத்தை ஒட்டித் தொடங்கியிருக்க வேண்டும். முன்னர் நேர்ந்த வெப்ப உயர்வுகளின்போதும் சிறிய சரிவுகளாவது தென்பட வேண்டும். மனிதனே காரணம் என்றால், அவன் வரும்வரை தொகை நிலையாக இருந்திருக்க வேண்டும். வந்த வழியிலேயே அழிவும் இடம் விட்டு இடம் பரவியிருக்க வேண்டும். மரபணுச் சீர்கேடே இனத்தை வீழ்த்தியது என்றால், நெடுங்காலம் சிறு கூட்டமாக இருந்ததன் அடையாளங்களும், தலைமுறைதோறும் ஏறிக்கொண்டே போகும் தீய மாற்றங்களும் தெரிய வேண்டும்.

இந்த எதிர்பார்ப்புகளை மாதிரியைத் தொடுமுன்பே எழுதி வைத்துவிடுங்கள். தரவு கைக்கு வந்த பிறகு எழுதினால், வந்த வரைகோட்டுக்கு ஏற்ற கதையை மனம் தானாகவே தைத்துக்கொள்ளும்.

இரு முனைகளிலும் நிற்கும் இரண்டு எடுத்துக்காட்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவற்றை அளக்க எளிது. நியூசிலாந்தில் வாழ்ந்த, பறக்க இயலாத மோவாப் பறவைகள் ஒரு முனை. 2014இல் வெளியான ஆய்வு ஒன்று 281 மோவாக்களின் டி.என்.ஏ.வைப் பரிசோதித்தது, பசிபிக் தீவுகளிலிருந்து பொலினீசியர்கள் 13ஆம் நூற்றாண்டில் வந்திறங்குவதற்கு முந்தைய சில ஆயிரம் ஆண்டுகளில் தொகை குறைந்ததற்கு எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. பிறகு ஓரிரு நூற்றாண்டுகளுக்குள் மோவாக்கள் முற்றிலும் ஒழிந்தன. அலாஸ்காவுக்கு அப்பால் பெரிங் கடலில் உள்ள செயின்ட் பால் தீவு மறுமுனை. 18ஆம் நூற்றாண்டுவரை மனிதர் குடியேறாத அத்தீவில் மாமூத்கள் ஏறத்தாழ 5,600 ஆண்டுகளுக்கு முன்பு அழிந்தன. ஏரிப் படிவுகளில் கிடைத்த மாமூத் டி.என்.ஏ., சாணத்தில் வளரும் பூஞ்சைகளின் வித்துகள், நீர்மட்டம் தாழ்ந்ததைக் காட்டும் வேதித் தடயங்கள் ஆகியவை எல்லாம் நன்னீர்த் தட்டுப்பாட்டையே சுட்டின. பெரும்பாலான இனங்கள் இவ்விரண்டுக்கும் இடையில்தான் விழுகின்றன; சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் படி: இனத்தையும் மாதிரிகளையும் தேர்தல்

உயிர் பிரிந்த கணமே டி.என்.ஏ. சிதையத் தொடங்குகிறது. முதலில் உடலின் நொதிகளும் நுண்ணுயிர்களும் அதை வெட்டுகின்றன. பிறகு நீரும் வெப்பமும் மெதுவாக அறுக்கின்றன. நியூசிலாந்தில் கிடைத்த 158 மோவா எலும்புகளை ஆராய்ந்த 2012ஆம் ஆண்டின் ஆய்வு, ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸ் சராசரி வெப்பநிலையில் 242 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளமுள்ள மைட்டோகாண்ட்ரியத் துண்டு (செல்லின் ஆற்றல் உறுப்பிலுள்ள டி.என்.ஏ.வின் துண்டு) ஒன்றின் அரை ஆயுள் 521 ஆண்டுகள் என்று கணித்தது. வெப்பநிலை குறையக் குறைய இந்தக் காலம் பன்மடங்கு நீள்கிறது. அதனால்தான் சைபீரியாவின் நிரந்தர உறைபனி மண்ணிலிருந்து எடுத்த மாமூத் பற்களில் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட டி.என்.ஏ.வை 2021இல் படிக்க முடிந்தது. வடக்குக் கிரீன்லாந்தின் காப் கோபென்ஹாவன் படிவுகளிலிருந்து இருபது லட்சம் ஆண்டுப் பழமையான துண்டுகள் 2022இல் வெளிவந்தன. வெப்பமண்டலப் பகுதிகளிலும் ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதியிலும் வெறும் சில ஆயிரம் ஆண்டுகளில் தடயமே எஞ்சாமல் போகலாம். நமக்குத் தெரிந்த மரபணு வரலாறுகள் வடதுருவத்தை ஒட்டிய நிலங்களையே மிகுதியாகப் பேசுவதற்கு இதுவே காரணம். அங்கே கிடைத்த விடையை உலகம் முழுவதற்கும் பொதுவாக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

மாதிரிகளின் எண்ணிக்கையை விட அவை காலத்திலும் இடத்திலும் பரவியிருக்கும் விதமே முக்கியம். அழிவுக்கு முந்தைய சில ஆயிரம் ஆண்டுகளைச் சேர்ந்த மாதிரிகள் ஒன்றும் இல்லாமல், அதற்கு முன் 30,000 ஆண்டுகளுக்கு உரிய நூறு எலும்புகள் கைவசம் இருந்தால், முக்கியமான கேள்விக்கு உங்களிடம் விடை இல்லை என்றுதான் பொருள்.

உடலின் எந்தப் பகுதியை எடுப்பது? உட்காதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரஸ் எலும்பு பாலூட்டிகளின் உடலிலேயே மிக அடர்த்தியான எலும்பாகையால், அதுவே பல சமயங்களில் முதல் தேர்வு. பல்லின் வேரும் நன்றாகப் பயன்படும். உறைபனியில் கிடைத்த முடி வியக்கத்தக்க அளவுக்குத் தூய்மையான டி.என்.ஏ. தருகிறது, முடியின் வெளியுறையை வெளுப்பான் கொண்டு கழுவி, அந்நிய டி.என்.ஏ.வை நீக்கிவிடலாம் என்பது அதன் சிறப்பு. பறவைகளுக்கு முட்டையோடு உண்டு. உலர்ந்த குகைகளில் கிடைக்கும் சாணம், விலங்கின் டி.என்.ஏ.வோடு அது தின்ற தாவரங்களின் டி.என்.ஏ.வையும் தரும்.

சில சமயம் மாதிரி எதிர்பாராத இடத்திலிருந்தும் வரும். சைபீரியாவின் தூமாட் என்ற இடத்தில் உறைந்து கிடைத்த ஓநாய்க்குட்டி ஒன்றின் வயிற்றில், செரிக்காத இறைச்சித் துண்டு ஒன்று மஞ்சள் நிற மயிரோடு இருந்தது. குகைச் சிங்கத்தின் தசை என்று முதலில் கருதப்பட்டது; டி.என்.ஏ.வோ அதைக் கம்பளிக் காண்டாமிருகம் என்று அடையாளம் காட்டியது. ஏறத்தாழ 14,400 ஆண்டுப் பழமையான அந்தத் துண்டு, அவ்வினத்தின் கடைசிக் காலத்தைச் சேர்ந்த அரிய சான்றுகளில் ஒன்று.

மூன்றாம் படி: அனுமதியும் மாதிரி எடுத்தலும்

டி.என்.ஏ. எடுப்பது எலும்பின் ஒரு பகுதியை அழிப்பதுதான். அருங்காட்சியகத்தின் எழுத்துமூல அனுமதி, நாடு கடந்து அனுப்புவதற்கான ஆவணங்கள், தொல்பொருள் கிடைத்த நிலத்தின் பழங்குடியினரோடு கலந்துபேசுதல் ஆகியவை முடிந்த பிறகே துளைக்கருவியைத் தொட வேண்டும். அதற்கு முன் புகைப்படமும் முடிந்தால் முப்பரிமாண சி.டி. ஸ்கேனும் எடுத்து வைக்க வேண்டும். மேற்பரப்பை மெல்லச் சுரண்டி நீக்கி, துளைக்கருவியைக் குறைந்த வேகத்தில் சுழலவிட்டு, 50 மில்லிகிராம் அளவுக்குப் பொடி எடுத்தால் பல சமயங்களில் போதும். வேகம் கூடினால் எலும்பு சூடேறும். தீய்ந்த வாடை மூக்கில் ஏறும்போதே உள்ளிருக்கும் டி.என்.ஏ. சேதமாகிக்கொண்டிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். அதே எலும்பிலிருந்து காலக்கணிப்புக்கான துண்டையும் அப்போதே எடுத்துவிடுவது நல்லது.

நான்காம் படி: காலக்கணிப்பு

கார்பன்-14 முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரைதான் பயன்படும். அதன் எல்லைக்கு அருகில், மிகச் சிறிதளவு புதிய கார்பன் கலந்தாலும் எலும்பு உண்மையைவிடப் பல்லாயிரம் ஆண்டுகள் இளமையாகத் தோன்றும். பழைய அருங்காட்சியக மாதிரிகளில் பூசிய பசைகளும் அரக்குகளும் இத்தகைய கலப்புக்குப் பெயர்போனவை. எலும்பின் புரதமான கொலாஜனைப் பிரித்தெடுத்து நுண்வடிகட்டல் செய்தோ, அதிலிருந்து ஒற்றை அமினோ அமிலத்தைத் தனியே எடுத்தோ கணித்த தேதிகளையே நம்ப வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு முன் கணிக்கப்பட்ட தேதிகளை அப்படியே எடுத்தாள்வது ஆபத்து. முடிந்தவரை மீண்டும் கணியுங்கள். கிடைத்த தேதியை இன்ட்கேல்20 போன்ற திருத்தக் கோட்டால் நாட்காட்டி ஆண்டுகளாக மாற்ற வேண்டும். கடலுயிர்களுக்கும் கடலுணவு தின்றவற்றுக்கும் தனித் திருத்தம் தேவை.

இன்னொரு பொறியும் உண்டு. நமக்குக் கிடைத்த கடைசி எலும்பு அந்த இனத்தின் கடைசி விலங்கினுடையதாக இருப்பதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. தொகை குறையக் குறைய எலும்பு கிடைக்கும் வாய்ப்பும் குறைகிறது. ஆகவே அழிந்த தேதி எப்போதும் கடைசி எலும்பின் தேதிக்குப் பிந்தியதுதான். சிக்னர்–லிப்ஸ் விளைவு எனப்படும் இதைக் கணக்கில் கொள்ளாமல், மனிதர் வருவதற்கு முன்பே இனம் அழிந்துவிட்டது என்று முடிவுகட்டிய ஆய்வுகள் பிற்பாடு திருத்தப்பட்டிருக்கின்றன.

ஐந்தாம் படி: தூய ஆய்வகம்

தொல் டி.என்.ஏ. ஆய்வகம், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். ஆய்வகத்திலிருந்து தனிக் கட்டடத்தில் இருப்பது உத்தமம். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் கூடுதலாக இருக்கும். வடிகட்டிய காற்றே நுழையும். பணியாளர் உடல் முழுதும் மூடும் ஆடை, முகக்கவசம், இரட்டைக் கையுறை அணிவார். மேசைகள் வெளுப்பானாலும் புறஊதா ஒளியாலும் தூய்மையாக்கப்படும். பி.சி.ஆர். அறைக்குப் போனவர் அன்று தூய அறைக்குத் திரும்பக் கூடாது என்ற விதி கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் 1994இல் எட்டுக் கோடி ஆண்டுப் பழைய டைனோசர் எலும்பிலிருந்து எடுத்ததாக அறிவிக்கப்பட்ட டி.என்.ஏ., கடைசியில் மனித டி.என்.ஏ.வாக முடிந்த கதையை அறிந்தவர்கள் அந்த விதியைக் கேலி செய்வதில்லை.

எலும்புப் பொடியை ஈ.டி.டி.ஏ. கரைசலிலும் புரோட்டினேஸ்-கே நொதியிலும் ஊறவைத்தால், முன்னது கால்சியத்தைப் பிணைத்து எலும்பைக் கரைக்கும், பின்னது புரதத்தை உடைக்கும். விடுபட்ட டி.என்.ஏ.வைச் சிலிக்காவில் ஒட்டவைத்துக் கழுவிப் பிரிக்க வேண்டும். இதில் 2013இல் வந்த ஒரு மாற்றம் பெரியது: பிணைப்புக் கரைசலின் சேர்மானத்தையும் அளவையும் மாற்றியதால், 30 கார இணைகள் அளவுக்குச் சிறிய துண்டுகளையும் தக்கவைத்துக்கொள்ள முடிந்தது. ஸ்பெயினின் சிமா தெ லோஸ் ஊசோஸ் குகையில் கிடைத்த, மூன்று லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட குகைக்கரடி எலும்பில் அந்த முறை வெற்றி பெற்றது. மாதிரி எதுவும் சேர்க்காத வெற்றுக் குழாய் ஒன்றை ஒவ்வொரு தொகுதியோடும் கடைசிவரை கொண்டுபோக வேண்டும். அந்தக் குழாயில் என்ன வருகிறதோ அதுவே உங்கள் ஆய்வகத்தின் மாசு.

ஆறாம் படி: நூலகம் தயாரித்தலும் வரிசைமுறை படித்தலும்

துண்டுகளின் இரு முனைகளிலும் செயற்கை இணைப்பிகளைச் சேர்த்து, வரிசைமுறைக் கருவி படிக்கக்கூடிய நூலகமாக்க வேண்டும். மிகவும் சிதைந்த மாதிரிகளுக்கு, இரட்டை இழையைப் பிரித்து ஒற்றை இழைகளிலிருந்தே நூலகம் செய்யும் முறை கூடுதல் துண்டுகளைக் காப்பாற்றும். பெரிய செலவுக்கு முன் ஒவ்வொரு நூலகத்தையும் மேலோட்டமாகப் படித்து, அதில் விலங்கின் சொந்த டி.என்.ஏ. எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். உறைபனி மாதிரிகளில் அது பாதியைத் தாண்டலாம். குகை எலும்புகள் பலவற்றில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாது, எஞ்சியவை எல்லாம் மண்ணின் பாக்டீரியாக்கள். அப்படிப்பட்டவற்றுக்கு, நெருங்கிய உறவினத்தின் வரிசைமுறையை ஒட்டிச் செய்த தூண்டில் மூலக்கூறுகளால் வேண்டிய பகுதிகளை மட்டும் பிடித்தெடுப்பது சிக்கனம்.

ஏழாம் படி: தரவைச் சீராக்கி உண்மைத்தன்மையைச் சோதித்தல்

இணைப்பிகளை வெட்டி நீக்கி, இரு புறமிருந்தும் படித்தவை மேற்பொருந்தினால் ஒன்றாக்கி, 30 அல்லது 35 கார இணைகளுக்குக் குறைந்தவற்றைக் கழித்துவிடுங்கள். அதற்கும் சிறிய துண்டுகள் பாக்டீரியாவிலிருந்து வந்தாலும் தற்செயலாக விலங்கின் மரபணுத்தொகுதியில் எங்காவது பொருந்திவிடும். மீதியை நெருங்கிய உறவினத்தின் மரபணுத்தொகுதியோடு பொருத்த வேண்டும். மாமூத்துக்கு ஆசிய யானை, கம்பளிக் காண்டாமிருகத்துக்குச் சுமத்ரா காண்டாமிருகம் என்று வாழும் உறவினம் அருகிலேயே இருந்தால் வேலை எளிது. மோவாவின் மிக நெருங்கிய உறவினங்களோ தென் அமெரிக்காவின் சிறிய டினமூ பறவைகள். அவ்வளவு தொலைவான உறவோடு பொருத்தும்போது, மாறுபாடு மிகுந்த பகுதிகள் பொருந்தாமலே விழுந்துவிடும், விலங்கு உண்மையில் இருந்ததைவிட உறவினத்தைப் போலவே தோற்றமளிக்கும். இந்தச் சாய்வைக் குறைக்க, பொருத்தும் மென்பொருளில் வேற்றுமைக்கான வரம்பைச் சற்றுத் தளர்த்தி, தொடக்க விதைத் துண்டு (பொருத்தம் தேடத் தொடங்கும் முதல் சிறு பகுதி) முழுதும் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையை நீக்குவது வழக்கம். பி.சி.ஆர். பெருக்கத்தால் வந்த ஒரே துண்டின் பல பிரதிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வருவது, இந்தத் துறையை நிமிர்ந்து நிற்கவைத்த சோதனை. பழைய டி.என்.ஏ.வில் சைட்டோசின் என்ற காரம் நீரோடு வினைபுரிந்து யுராசிலாக மாறுகிறது. கருவி அதைத் தைமின் என்று படிக்கிறது. துண்டுகளின் முனைகளில் இழை பெரும்பாலும் ஒற்றையாகத் தொங்குவதால், அந்த மாற்றம் முனைகளில்தான் குவிகிறது. ஆகவே துண்டின் ஒவ்வொரு நிலையிலும் சைட்டோசின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் எத்தனை முறை வந்தது என்று வரைந்தால், முதல் எழுத்தில் உயர்ந்து, இரண்டு மூன்று எழுத்துகளுக்குள் சரிந்து, நடுவில் தரையோடு ஒட்டிச்செல்லும் கோடு ஒன்று கிடைக்கும். நூலகம் தயாரித்த முறையைப் பொறுத்து, மறுமுனையில் குவானின் அடினினாகத் தோன்றும் கோடு அதே வடிவில் எதிர்ப்புறமாக எழும். அண்மையில் ஒட்டிய மாசில் இந்தக் கோடு தட்டையாகவே இருக்கும். மேப்டேமேஜ் போன்ற மென்பொருள் இதைச் சில நிமிடங்களில் வரைந்து தருகிறது. நீண்ட துண்டுகள் குவியாமல், சிறிய துண்டுகளே மிகுதியாக இருப்பதும் உடன் பார்க்க வேண்டிய அடையாளம்.

சிதைவு சான்றாகப் பயன்படும் அதே வேளையில், மரபணு வேறுபாடுகளைக் கணக்கிடும்போது பொய் வேறுபாடுகளாகவும் புகுந்துவிடும். யுராசிலை வெட்டி நீக்கும் நொதியால் மாதிரியை முன்னரே பதப்படுத்தலாம். அல்லது முனை எழுத்துகளைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். அல்லது இவ்வகை மாற்றங்களை முற்றிலும் ஒதுக்கி, பியூரினும் (அடினின், குவானின்) பிரிமிடினும் (சைட்டோசின், தைமின்) ஒன்றுக்கொன்று மாறும் வேறுபாடுகளை மட்டும் எண்ணலாம். மூன்றாவது வழியில் தரவில் பெரும்பங்கு வீணாகும். ஆயினும் வெவ்வேறு ஆய்வகங்களில் வெவ்வேறு முறைகளில் செய்த மாதிரிகளை ஒப்பிட நேர்ந்தால் அதையே நான் பரிந்துரைப்பேன்.

எட்டாம் படி: இனத்தொகையின் வரலாற்றை மீட்டல்

இங்கே கணக்கிடப்படுவது தலை எண்ணிக்கை அல்ல; செயலுறு இனத்தொகை. அடுத்த தலைமுறைக்குத் தம் மரபணுக்களைக் கையளித்த விலங்குகளின் அளவைக் குறிக்கும் ஒரு கணிதக் கருத்து அது. பொதுவாக உண்மைத் தொகையைவிடப் பலமடங்கு குறைவாக இருக்கும்.

பல விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியத் தொகுதிகள் கார்பன் தேதிகளோடு இருந்தால், பேயீசிய ஸ்கைலைன் முறை பயன்படும். ஒவ்வொரு மாதிரியின் தேதியும் மரபு மரத்தின் நுனியை நிலைநிறுத்துகிறது; கிளைகள் பின்னோக்கிச் சென்று இணையும் வேகம் அந்தந்தக் காலத்தின் தொகையைக் காட்டுகிறது. தொகை சிறிதாக இருந்த காலத்தில் கிளைகள் விரைந்து இணையும். 2004இல் 442 ஸ்டெப்பி பைசன் மாதிரிகளைக் கொண்டு நடந்த முன்னோடி ஆய்வு, பெரிங்கியாவில் (சைபீரியாவையும் அலாஸ்காவையும் இணைத்திருந்த நிலப்பரப்பு) அவற்றின் சரிவு ஏறத்தாழ 37,000 ஆண்டுகளுக்கு முன்பே, வேட்டை மனிதர் அங்கே பெருகுவதற்கு வெகுமுன்னரே, தொடங்கியதாகச் சொன்னது. 2019இல் குகைக்கரடியின் 59 புதிய மைட்டோகாண்ட்ரியத் தொகுதிகள் ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன், அதாவது நவீன மனிதர் ஐரோப்பாவில் பரவிய காலத்தில், சரிவு தொடங்கியதைக் காட்டின. ஒரே முறை, இரண்டு இனங்கள், இரண்டு திசைகள்.

ஆனால் இந்தக் கோடுகளை வரைந்த கையோடு நம்பிவிடக் கூடாது. மைட்டோகாண்ட்ரியா முழுவதும் ஒரே அலகாகத் தாய்வழி மட்டும் கடத்தப்படுவது. அது சொல்வது தாய்மார்களின் வரலாற்றின் ஒரே ஒரு பிரதி. மேலும், ஒன்றோடொன்று அதிகம் கலக்காத பல கூட்டங்களிலிருந்து மாதிரிகளைச் சீரற்ற முறையில் எடுத்தால், தொகை சுருங்காதபோதும் சுருங்கியதைப் போன்ற கோடு வரும். ஒரு கூட்டம் அழிந்து, அதே இனத்தின் வேறு கூட்டம் வந்து அந்த இடத்தை நிரப்பியிருந்தாலும் கோடு குழம்பும். ஜெர்மனியின் ஆஹ் பள்ளத்தாக்குக் குகைகளில் ஒரு வகைக் குகைக்கரடியை மற்றொரு வகை முற்றிலும் அகற்றிவிட்டுக் குடியேறியது டி.என்.ஏ.வால்தான் தெரியவந்தது, எலும்புகளை மட்டும் பார்த்தவருக்கு அங்கே கரடிகள் இடையறாமல் வாழ்ந்ததாகவே பட்டிருக்கும். ஆகவே கூட்டப் பிரிவுகளை முதலில் கண்டறிந்து, தனித்தனியாகவும் சேர்த்தும் பகுத்துப் பாருங்கள். பல மாற்று வரலாறுகளைக் கணினியில் பாவனை செய்து, உங்கள் மாதிரிகளின் அதே தேதிகளிலும் அதே எண்ணிக்கையிலும் அவை என்ன தரவைத் தரும் என்று ஒப்பிடுவதே இதற்கான நேர்மையான சோதனை.

ஒரே ஒரு விலங்கின் முழு மரபணுத்தொகுதி நல்ல ஆழத்தில் கிடைத்தால், பி.எஸ்.எம்.சி. முறையால் பல லட்சம் ஆண்டுகளின் தொகை வரலாற்றை எழுதலாம். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த பிரதிகள் எவ்வளவு காலத்துக்கு முன் பொதுவான மூதாதையிடம் இணைகின்றன என்பதைத் தொகுதி முழுவதும் அளந்து வரைவது அது. அண்மைய 10,000 அல்லது 20,000 ஆண்டுகளைப் பற்றி அம்முறை ஏறக்குறைய மௌனம் சாதிக்கும் என்பதுதான் தொல்லை, ஏனெனில் அழிவு பற்றிய கேள்வியின் இதயமே அந்தக் காலம்தான். விலங்கு வாழ்ந்த காலம் அழிவுக்கு அருகில் இருந்தால், அந்த இடைவெளியை ஓரளவு ஈடுகட்டலாம்.

வேகம் பற்றியும் ஒரு சொல். சில பத்துத் தலைமுறைகளில் நடந்து முடிந்த பேரழிவு, அதற்கு முன் இறந்த விலங்குகளின் டி.என்.ஏ.வில் பதிவாகவே முடியாது. கோடு கடைசிவரை நிலையாக இருந்தது என்றால் அதன் பொருள், நீண்ட காலச் சரிவு இருக்கவில்லை என்பது மட்டுமே. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்த கம்பளிக் காண்டாமிருகத்தின் மரபணுக்களைப் படித்த 2020ஆம் ஆண்டின் ஆய்வு, வடகிழக்குச் சைபீரியாவில் மனிதர் தோன்றிய பின்னும் பல ஆயிரம் ஆண்டுகள், 18,500 ஆண்டுகளுக்கு முன்புவரைகூட, தொகை நிலையாக இருந்ததைக் கண்டது. ஆகவே அதன் ஆசிரியர்கள் பிற்காலத்து விரைவான வெப்ப உயர்வைச் சந்தேகித்தார்கள். மனிதர் வந்தவுடன் அழிவு நேரவில்லை என்பதை அது உறுதியாகக் காட்டுகிறது. கடைசிச் சில நூறு ஆண்டுகளில் வேட்டையின் பங்கு என்ன என்பதற்கு அந்தத் தரவுக்குள் விடை இருக்க வழியில்லை.

ஒன்பதாம் படி: மரபணு நலத்தை அளத்தல்

தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியும் முற்றிலும் ஒத்திருக்கும் நீண்ட பகுதிகள் அண்மைக்கால உட்கலப்பைக் காட்டும். சிறிய பகுதிகள் பல சிதறியிருந்தால் நெடுங்காலம் சிறு கூட்டமாக வாழ்ந்ததைக் காட்டும். புரதங்களைக் கெடுக்கும் மாற்றங்கள் எத்தனை, அவை எவ்வளவு தீவிரமானவை என்றும் எண்ண வேண்டும்.

சைபீரியாவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் உள்ள ரேங்கல் தீவு இதற்கு மிகச் சிறந்த பாடம். கடல் மட்டம் உயர்ந்து ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் தீவாகப் பிரிந்த அங்கேதான் கடைசி மாமூத்கள் வாழ்ந்தன. அங்கே கிடைத்த ஒரு மாமூத்தின் மரபணுத்தொகுதியில் சேதமான மரபணுக்கள் மிகுந்திருப்பதைக் கண்டு, மரபணுச் சீர்கேடே அவற்றை வீழ்த்தியது என்ற எண்ணம் பரவியது. பிறகு 2024இல் தீவையும் பெருநிலத்தையும் சேர்ந்த 21 தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு வேறு சித்திரம் தந்தது. தீவுக்கூட்டம் அதிகபட்சம் எட்டு விலங்குகளாகச் சுருங்கித் தொடங்கியிருக்கிறது; இருபது தலைமுறைகளுக்குள் 200 முதல் 300 வரை பெருகி, ஏறத்தாழ 6,000 ஆண்டுகள் நிலையாக நின்றிருக்கிறது. மிகத் தீய மாற்றங்கள் மெல்ல விலக்கப்பட்டன. சிறிய தீமைகள் சேர்ந்துகொண்டே போயின. முடிவோ திடீரென்று வந்தது. உட்கலப்பு இருந்தது என்பதும், உட்கலப்பால் அழிந்தது என்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தரவு வேறு இல்லை.

பத்தாம் படி: மண்ணிலிருந்து டி.என்.ஏ.

எலும்பே கிடைக்காத இடங்களிலும் சிறுநீர், சாணம், தோல் வழியாக மண்ணில் சேர்ந்த டி.என்.ஏ. எஞ்சியிருக்கும். 2021இல் ஆர்க்டிக் பகுதியெங்கும் எடுத்த 535 படிவு மாதிரிகள் கடந்த 50,000 ஆண்டுகளின் தாவரங்களையும் விலங்குகளையும் ஒருசேரக் காட்டின. சைபீரியாவின் தைமீர் தீபகற்பத்தில் மாமூத் ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்ததாகவும் அவை சொல்லின. பெருநிலத்தில் கிடைத்த எலும்புகளின் தேதிகளோடு ஒப்பிட்டால் இது பல ஆயிரம் ஆண்டுகள் பிந்தியது. உடனே எழுந்த மறுப்பும் வலுவானது: உறைபனியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்த சடலங்கள் உருகிக் கரைந்து, புதிய படிவில் பழைய டி.என்.ஏ.வைக் கலந்திருக்கலாம். ஆகவே மண் டி.என்.ஏ.வைப் பயன்படுத்துவோர், அரிப்பால் பழைய படிவுகள் வந்து சேர வழியில்லாத மூடிய ஏரிகளைத் தேர்வதும், சாணப் பூஞ்சை வித்துகள் போன்ற தனிச் சான்றோடு ஒப்பிடுவதும் அவசியம். இந்தத் துறையிலேயே மிக வேகமாக வளரும் பகுதியும், மிகைக் கூற்றுகள் எளிதில் முளைக்கும் பகுதியும் இதுதான் என்பது என் கணிப்பு.

பதினோராம் படி: பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்துதல்

கிடைத்த தொகைக் கோட்டைக் கிரீன்லாந்து பனிக்கட்டித் துளைப்புகள் தரும் வெப்பநிலைப் பதிவோடும், மகரந்தம் காட்டும் தாவர வரலாற்றோடும், தொல்லியல் இடங்களின் தேதிகளோடும் ஒரே காலக்கோட்டில் வையுங்கள். எல்லாத் தேதிகளும் ஒரே திருத்தக் கோட்டால் மாற்றப்பட்டவையா என்று சரிபார்க்க மறக்க வேண்டாம். ஒவ்வொரு கோட்டின் நிச்சயமின்மைப் பட்டையையும் வரைந்தே காட்டுங்கள். சரிவு தொடங்கிய காலத்துக்கு 5,000 ஆண்டு அகலமுள்ள பட்டை இருக்கும்போது, 1,000 ஆண்டு நீடித்த குளிர்ச்சிக் கட்டத்தோடு அதை முடிச்சுப் போட இயலாது.

ஒரே இனத்தின் கோடு வேறு எதனோடும் தற்செயலாகவே ஒத்துப்போகலாம். அதனால் பல இனங்களை ஒருசேரப் பார்ப்பது பலன் தரும். 2011இல் கம்பளி மாமூத், கம்பளிக் காண்டாமிருகம், காட்டுக்குதிரை, ரெயின்டீர், பைசன், கஸ்தூரி எருது ஆகிய ஆறையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில், யுரேசியாவின் கஸ்தூரி எருதுக்கும் கம்பளிக் காண்டாமிருகத்துக்கும் தட்பவெப்பம் மட்டுமே போதுமான விளக்கமாக இருந்தது. காட்டுக்குதிரைக்கும் சைபீரியப் பைசனுக்கும் மனிதனின் பங்கையும் சேர்க்க வேண்டியிருந்தது. ரெயின்டீர் இரண்டையும் தாங்கிப் பெருகியது. அழிந்த இனத்தையும் தப்பிய இனத்தையும் முன்கூட்டியே பிரித்துக் காட்டும் மரபணு அடையாளம் எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எழுத்தறிந்த காலத்தில் நடந்த அழிவுகளையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 1741இல் பெரிங் கடலின் கமாண்டர் தீவுகளில் கண்டறியப்பட்ட ஸ்டெல்லர் கடற்பசு, வேட்டையால் 1768க்குள் தீர்ந்துபோனது; அதன் மரபணுத்தொகுதியோ, மனிதன் அங்கே வருவதற்கு மிக நெடுங்காலம் முன்பே தொகை சுருங்கத் தொடங்கியதைக் காட்டுகிறது. கொன்றது யார் என்று நமக்கு ஐயமின்றித் தெரிந்த ஓர் இனத்திலேயே கோடு இப்படி இருக்கிறதென்றால், பழைய சரிவு ஒன்றைக் கண்டவுடன் மனிதனை விடுவித்துவிடுவது அவசரம்.

முடிவுகளை வெளியிடும்போது, கருவி படித்த மூல வரிசைகளை ஐரோப்பிய நியூக்ளியோடைட் காப்பகம் போன்ற பொதுத் தளத்தில் சேருங்கள். பொருத்திய பின் எஞ்சியவை மட்டும் போதாது. உங்களுக்கு மாசாகத் தோன்றிய பாக்டீரிய வரிசைகள் நாளை வேறொருவருக்கு நோய்க்கிருமி வரலாறாகப் பயன்படலாம். ஒவ்வொரு மாதிரியின் அருங்காட்சியக எண், கார்பன் தேதியின் ஆய்வகக் குறியீடு, நூலகத்தை யுராசில் நீக்கியோ நீக்காமலோ செய்த விவரம், வெற்றுக் குழாய்களின் முடிவு ஆகியவற்றை இணைப்பு அட்டவணையில் தாருங்கள். மீந்த எலும்புப் பொடியையும் கரைசலையும் லேபிளோடு அருங்காட்சியகத்துக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.